பசியாறிட்டீங்களா?

இருபது வருடங்களாக ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. "பசியாறிட்டீங்களா?" காலையில் சாப்பிடுவதை எங்கள் மலேசியாவில் பசியாறுவது என்போம். முட்டிவலியா, தலைவலியா, எத்தனை நாளாக வலி என்பதெல்லாம் எனக்கு அப்புறம். ஊசி வைத்தியத்துக்காக என் மாடிப்படி ஏறி வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாதிப் பேர் பொய் சொல்வார்கள். பொய் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

அந்தக் கேள்வியை நான் ஒரே ஒருவரிடம்தான் கேட்காமல் விட்டேன். அவர் என் கணவர். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக முடியாது, முதலில் என் தோள்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நான் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள், நான் ஊருக்கெல்லாம் மிஸ்ஸி. வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். கணவர் ரயில்வேயில் கிளார்க். அவர் புண்ணியத்தில் கிடைத்த பாஸை வைத்துக்கொண்டு காலை ரயிலில் கிள்ளான் போவேன், மாலை ரயிலில் திரும்புவேன். பதினெட்டு வருடம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்ததிலும் தூக்கி உட்கார வைத்ததிலும் என் வலது தோள் ஒரு நாள் 'என்னால் முடியாது' என்று சொல்லிவிட்டது. கை காதுக்கு மேல் போகாது. தலை சீவ முடியாது. மாத்திரை தின்றேன், ஊசி போட்டுக்கொண்டேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ஆறு மாதம் ஆகியும் அசையவில்லை. எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, ஆனால் எழுபது வயதுக்காரியைப் போல மூச்சு விட்டுக்கொண்டு நடந்தேன்.

வார்டில் என்னோடு வேலை பார்த்த சீனப் பெண் ஒருத்திதான் என்னை ஒரு சின்சேயிடம் இழுத்துக்கொண்டு போனாள். சீன வைத்தியரை இங்கே எல்லோரும் சின்சே என்பார்கள். கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் ஒரு மருந்துக்கடையின் மாடி. வெள்ளைத் தாடி வைத்த கிழவர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால், என்னைவிட இரண்டு வயது இளையவள் ஒருத்தி, காதில் பென்சில் செருகியபடி நின்றுகொண்டிருந்தாள். பேச்சு குறைவு. மயிரிழை போன்ற ஊசிகள் நாலைந்தை வைத்தாள். வலிக்கவில்லை. உள்ளே கனமாக ஏதோ பிடித்து இழுப்பது போல இருந்தது, அவ்வளவுதான். எட்டாவது தடவை போய்விட்டு வந்த மறுநாள் நானே தலை சீவிக்கொண்டேன். ஊசி வேலை செய்ததா, நாள் ஆனதால் தானே விட்டுப் போனதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் சின்சேயிடம் தமிழர்களும் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று தோட்டத்திலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் பாசார் மலாயில், அதாவது சந்தையில் பேசும் கொச்சை மலாயில், பேசிக்கொள்வோம், தமிழில் சொன்னால் அவள் கேட்டது இப்படித்தான் வரும்:

"மிஸ்ஸி, உங்க ஆளுங்க ஏன் லா இப்படி? சீனன் மயங்கல, மலாய்க்காரன் மயங்கல. தமிழன் வந்தா மட்டும் ஊசி வச்சு அஞ்சு நிமிஷத்துல பொத்துனு விழுறான். உடம்புல ரத்தம் கம்மியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தமிழர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். ஆள் ஆஜானுபாகு, முதுகுவலி. படியேறும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. இரண்டு ஊசி வைத்ததும் கொட்டாவி விட்டார், முகம் வெளுத்தது, மேலெல்லாம் குளிர்ந்த வேர்வை. சின்சே சட்டென்று ஊசிகளைப் பிடுங்கிக் காலைத் தூக்கி வைத்தாள். நான் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். கண் திறந்ததும் கேட்டேன்.

"அண்ணே, காலையில என்ன பசியாறினீங்க?"

"என்னா மிஸ்ஸி இப்படிக் கேக்குறீங்க? ஊசி குத்திக்க வரேன், பசியாறிட்டா வருவேன்? நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணிதான். மூணு நாளா கவிச்சி கிடையாது. தலைக்கு ஊத்திட்டுத்தான் லோரியவே தொட்டேன்."

நான் மூன்றாம் தலைமுறை மெதடிஸ்ட் கிறிஸ்தவள். தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயில் பக்கம் போனதே இல்லை. அவர் எனக்குப் பாடம் எடுத்தார். பத்துமலையில் முதுகு முழுக்கக் கொக்கி, நாக்கில் வேல், ஒரு சொட்டு ரத்தம் வரவில்லையாம். விரதம் சுத்தமாக இருந்தால் குத்துவது தெரியாதாம், மயக்கமும் வராதாம்.

"அங்க மயங்காதவன் இங்க மயங்கிட்டேன்னா, என் விரதத்துலதான் எங்கயோ குத்தம் மிஸ்ஸி. பரவால்ல, அடுத்த வாட்டி ஒரு வாரம் முழுசா இருந்துட்டு வரேன்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மயங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் வீட்டுக்குப் போய் இன்னும் கடுமையாக விரதம் இருந்து, இன்னும் வெறும் வயிற்றோடு வந்து, இன்னும் சீக்கிரம் விழுந்திருக்கிறார்கள். சின்சேயிடம் சொன்னபோது அவள் வாயைப் பிளந்தாள். வெறும் வயிற்றில் ஊசி வைக்கக் கூடாது என்பது அவர்கள் படிக்கிற முதல் பாடம். அதை யாருக்கும் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. சாப்பிடாமல் வைத்தியத்துக்கு வருவார்கள் என்று அவள் எங்கே கண்டாள்?

எங்கள் சர்ச்சில் ஊழியத்துக்குப் போகிறவர்கள் 'அழைப்பு' என்பார்கள். கர்த்தர் பெயர் சொல்லி அழைத்தாராம், உள்ளே ஒரு குரல் கேட்டதாம். எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. காலைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். பதினெட்டு வருடத்தில் டாக்டர்கள் சொன்னதைச் செய்திருக்கிறேனே தவிர, நானாக ஒன்றைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. அன்று மாலை ரயிலில் கால் வலித்தது, ஆனாலும் உட்கார மனம் வராமல் கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். சந்தோஷம்தான், வேறென்ன.

விடுமுறை நாட்களில் சின்சேயிடம் போய் உட்கார ஆரம்பித்தேன். தமிழர்களுக்கு நான் பேச்சு, எனக்கு அவள் பாடம். பசியாறினேன் என்று வாயால் சொல்வதை நம்பக் கூடாது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. சாமிக்கு இருக்கும் விரதத்தை மிஸ்ஸி சொன்னதற்காகவா கலைப்பார்கள்? அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஒரு கப் இனிப்புத் தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட், என் கண் முன்னால் தின்று முடித்த பிறகுதான் ஊசி. கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு பக்தி வந்துவிட்டது. வலது கையை நீட்டி, இடது கையை அதன் கீழே வைத்து வாங்கிக்கொண்டார்கள். ஓர் அக்கா ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மற்றதை வீட்டுக்காரருக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார். மயங்குகிறவர்கள் நின்றார்கள், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

கோலாலம்பூரில் மாலை வகுப்பு ஒன்றிலும் சேர்ந்தேன். ஊசி பழகுவதற்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார் என்று சின்சே சொல்லியிருந்தாள். வீட்டில் ஆரஞ்சு இல்லை, எலுமிச்சை இருந்தது. பத்துப் பன்னிரண்டு எலுமிச்சையில் ஊசியைக் குத்திச் சன்னலோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பினால் குவாட்டர்ஸ் வாசலில் கூட்டம். கிளார்க் வீட்டம்மா யாருக்கோ சூனியம் வைத்திருக்கிறாள் என்று வரிசை வீடு முழுக்கப் பேச்சு. கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சன்னல் பக்கத்தில் நின்றார்.

"எனக்கா இது?" என்றார்.

"உங்களுக்கு வைக்கிறதுன்னா ஒரு பழம் போதும்" என்றேன். சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் சிரிப்பார்.

வேலையை ராஜினாமா செய்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியை வாடகைக்குப் பிடித்தபோது சிரிப்பு நின்றது. அவர் கத்துகிற மனிதர் இல்லை. ரயில்வேக்காரர், எதையும் அட்டவணை போட்டுப் பார்ப்பார். அரசாங்க வேலை, பென்ஷன், வெள்ளை உடுப்பு, அதை விட்டுவிட்டுச் சீனன் ஊசி. "மெதடிஸ்ட் வீட்டுப் பொம்பள, பிஸ்கட் பிரசாதம் குடுத்து அலகு குத்துற பூசாரி ஆயிட்ட" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிஸ்கட் கதையை நான்தான் அவரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தேன். அதை எடுத்து என்னையே அடித்தது வலித்தது. அதற்குப் பிறகு என் தொழிலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மழை நாளில் குடையோடு வந்து படிக்கட்டின் கீழே நிற்பார். மேலே ஏற மாட்டார். மொத்தம் பதினேழு படி. ஒன்பது வருடம் ஒரு படிகூட ஏறவில்லை.

அவர் நல்ல விசுவாசி, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து. அன்று காலை அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. சட்டம் ஒன்றும் இல்லை, அவர் அப்பா அப்படி இருந்தார், இவரும் அப்படி. நான் தோசை தின்றுவிட்டுத்தான் போவேன். கடைக்கண்ணால் என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், இரண்டாவது பெஞ்சில் ஓர இடம்.

ஒன்பது வருடத்தில் நான் நன்றாகக் களைத்துப் போனேன். ஊசி வைத்தியர் என்றால் ஏதோ ஞானி மாதிரி நினைக்கிறார்கள். எனக்கு வேலை கழுவுவதும் வேகவைப்பதும்தான். அப்போதெல்லாம் ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம். ஒவ்வொன்றையும் பஞ்சில் இழுத்துப் பார்ப்பேன், நூல் சிக்கினால் முனை மழுங்கிவிட்டது, தூக்கிப் போட வேண்டும். மிச்சத்தைப் பிரஷர் குக்கரில் வைப்பேன். விசில் அடித்தால் கீழே கடைக்காரர் "மிஸ்ஸி, பருப்பு வெந்துருச்சு" என்று கத்துவார். வருகிறவர்கள் எல்லா இடத்துக்கும் போய்க் கடைசியாக என்னிடம் வருவார்கள், முதல் நாளே நடக்க வேண்டும் என்பார்கள். சிலருக்கு வலி குறையும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. கட்டி மாதிரி கையில் தட்டுப்பட்டால் ஊசியைத் தொடாமல் மருத்துவமனைக்கு விரட்டுவேன், அதற்கும் கோபித்துக்கொள்வார்கள். மாலையில் கதவைப் பூட்டும்போது, பேசாமல் அந்த வார்டிலேயே இருந்திருக்கலாமோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கணவர் ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரு நாள் காலை பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கோப்பிக் கப் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், கை போகவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மருத்துவமனையில் இரண்டு வாரம் இருந்தார். பேச்சு திரும்பியது, வாய் நேரானது, காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை மட்டும் நனைந்த துண்டு மாதிரி தொங்கியது.

பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில் திரும்பி வருவதுதான் வரவு, பிறகு வருவது கடினம். வார்டில் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனையில் கைப்பயிற்சிக்கு இரண்டு தடவை போனார். அங்கே ஒரு சின்னப் பெண் "அங்கிள், ஒண்ணு, ரெண்டு, வெரி குட் அங்கிள்" என்று சொன்னாளாம், அதோடு நின்றுவிட்டார். சர்ச்சுக்கும் போகவில்லை. சட்டைப் பொத்தானை இடது கையால் போட அவரால் முடியவில்லை. நான் போட வந்தால் தோளைத் திருப்பிக்கொள்வார். கைலியும் பனியனுமாக நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஞாயிறுகளில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

ஊசி வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்." அடுத்த வாரம் கேட்டேன். "வேணாம்னு சொன்னேன்ல." அழுதேன், சண்டை போட்டேன், அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்துக்கொண்டு கேட்டேன். அசையவில்லை. ஊர்க்காரர்களின் கையையெல்லாம் நாள் முழுக்கப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நான் தொடக் கூடாத கை ஒன்று அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். எட்டு வாரம் போனது. பத்து வாரம் போனது. நாட்காட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்த மாதத்தோடு என் ஊசிக் கடையை மூடிவிடுவது என்று தீர்மானித்தேன். சொந்த வீட்டுக்காரருக்கே நம்பிக்கை இல்லாத வைத்தியத்தை யாருக்காகச் செய்ய வேண்டும் என்று வீம்பு, களைப்பு, இரண்டும்தான்.

பதினான்காவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் கடைக்கு வரேன்."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றது. "எதுக்குங்க அங்க? வீட்லயே வைக்கிறேனே."

"இல்ல. அங்கதான்."

"சரி, கூட்டிட்டுப் போறேன்."

"நீ எப்பவும் போற மாதிரி போ. நான் வரேன்."

மறுநாள் காலை இட்டலி அவித்து, சட்னி அரைத்து, அவர் இடத்தில் மூடி வைத்துவிட்டுப் போனேன். ஒன்பது மணிக்குப் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு கால் வைப்பது, ஒரு கால் இழுப்பது, நிற்பது. நான் போய்க் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்பிப் போய்விடுவார் என்று தெரியும். பதினேழையும் எண்ணிக்கொண்டு பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு நின்றார். கஞ்சி போட்டது. கழுத்துவரை பொத்தான். பக்கத்து வீட்டு ஆளை அழைத்துப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறார். காலில் சர்ச் ஷூ. நாலு பேர் இருக்கிற இடம், மரியாதையாக வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்று புத்தி வேலை செய்யவில்லை. அவர் வந்ததே போதும் என்றிருந்தது.

உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பூச்சோங்கிலிருந்து வருகிற ஆன்டி, வருடக்கணக்காக வருகிறவர். "வாங்க அண்ணே" என்று இடம் விட்டார். கணவர் வரிசையில்தான் உட்கார்ந்தார். முறை வந்ததும் எழுந்தார். முதல் தடவை வருகிறவரைப் படுக்க வைத்துத்தான் ஊசி வைக்க வேண்டும், அது விதி. "படுக்க மாட்டேன்" என்றார். சரி என்றேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பசியாறிட்டீங்களா என்று கேட்கவும் இல்லை. எதற்குக் கேட்க வேண்டும்? இட்டலியை மூடி வைத்தது நானாயிற்றே.

கைப்பொத்தானைக் கழற்றிச் சட்டையைத் தோள்வரை சுருட்டினேன். பதினான்கு வாரத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பிடிக்கிறேன். மெலிந்திருந்தது. கட்டைவிரல் சந்தில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. ஒவ்வோர் இடத்தையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் குத்தினேன். ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறேன், வேறு யாருக்கும் அப்படிப் பார்த்ததில்லை.

கொட்டாவி விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கடையைப் பற்றி நான் வீட்டில் பேச்செடுத்தாலே அவர் கொட்டாவி விடுவது வழக்கம். ஒன்பது வருடமாகப் பார்த்த கொட்டாவி. இங்கே வந்துமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சு எடுக்கப் போனேன். வேறு யார் கொட்டாவி விட்டிருந்தாலும் அடுத்த நொடி ஊசிகளைப் பிடுங்கியிருப்பேன். மயக்கத்துக்கு முதல் அடையாளமே அதுதான், நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"மிஸ்ஸி! அண்ணன்!" என்று ஆன்டி கத்தினார்.

திரும்பியபோது அவர் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். ஊசிகளைப் பிடுங்கினேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தரையில் கிடத்தினோம். முகம் காகிதமாகியிருந்தது. நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்தபோது நூல் போல ஓடியது. பக்கவாதம் இன்னொரு தடவை வந்துவிட்டது, நானே கொண்டுவந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கர்த்தரே, கர்த்தரே என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆன்டி அவர் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"மிஸ்ஸி, அண்ணன் விரதமா?"

"இவரா? இவர் சர்ச் ஆளு ஆன்டி. அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் திறந்தார். என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வாய் கோணவில்லை. பேர் என்ன, கிழமை என்ன என்று கேட்டேன், சரியாகச் சொன்னார். இடது கையை அழுத்தச் சொன்னேன், அழுத்தினார். எனக்கு மூச்சு வந்தது, மூச்சோடு சேர்ந்து கோபமும் வந்தது.

"இட்டலி சாப்பிடலையா நீங்க?"

சுருட்டிய சட்டைக்கையை இடது கையால் இறக்கிவிடப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"திருவிருந்துக்குச் சாப்பிட்டுட்டா போவோம்?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அந்த வெள்ளைச் சட்டையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடம் இந்த மனிதர் என்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதிப்பு இல்லாமல் இல்லை, எனக்குத் தெரிகிற இடத்தில் அதை வைத்திருக்கவில்லை. லோரிக்கார அண்ணனைப் போல, முந்தானையில் பிஸ்கட் முடிந்த அக்காவைப் போல, இவரும் வெறும் வயிற்றோடு என் படியேறி வந்திருக்கிறார். வந்தவரைத்தான் நான் விழவைத்துவிட்டேன். அழுகை வந்தது. இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வேலை இருக்கிறதே.

"இது சர்ச்சும் இல்ல, கோயிலும் இல்ல. கடை. பசியாறாம வந்தா இங்க ஊசி கிடையாது" என்றேன். எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தை. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினேன், இரண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டேன். பிஸ்கட் டின்னைத் திறந்து அவர் முன்னால் நின்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழாத வலது கையை இடது கையால் தூக்கி, இரண்டு கையும் ஒன்றின்மேல் ஒன்றாக என் பக்கம் நீட்டினார். எப்படி அந்தக் கையை நீட்டுவார் என்று எனக்குத் தெரியும், முதல் ஞாயிறுகளில் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கை பாதிதான் திரும்பி வந்தது. செவ்வாயும் சனியும் ஊசி, மற்ற நாட்களில் அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒண்ணு, ரெண்டு. எது எவ்வளவு செய்தது என்று சொல்ல நான் ஆளில்லை. வருடக் கடைசியில் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார், கழுத்துப் பொத்தானைத் தவிர. கடையை மூடவில்லை. மூட நினைத்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அந்த உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன். தின்றார். இன்னொன்றை வைத்தேன். தின்று முடித்து, தேத்தண்ணியைக் குடித்து, காலிக் கப்பை அவர் என் பக்கம் நீட்டும்வரை, கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.